மூச்சு இழுக்கும் சத்தம்

அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸின் பின்பக்கம் இருந்தது மூன்று பேர்: தகரம் அடிக்கும் பிரஸ் மிஷின் ஓட்டும் இரண்டு பேர், அவர்களுக்குப் பின் சீட்டில் நான். வல்லம் வடகால் தாண்டும்போது ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"பாடுற அம்மா மூச்சு இழுக்குறது கேக்குதாம்டா, எங்க வூட்டுக்காரிக்கு."

"இன்னாடா சொல்ற?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"ஒயர் இல்லாத ஸ்பீக்கர் வாங்கினேன்ல. புளூடூத்துல போட்டா பாட்டு நசுங்கிடும், வைஃபைல போடுன்னாங்க. போட்டேன். துல்லியமா கேக்கும், ஹை ரெசொல்யூஷன்னு பாட்டு ஆப்புக்கு மாசாமாசம் பணமும் கட்றேன். எனக்கு அதே பாட்டு, அதே சத்தம். அவதான் வரிக்கு நடுவுல மூச்சு கேக்குதுன்றா."

"நீ இன்னா சொன்ன?"

"அவ மூஞ்சியப் பாத்து, ஆமா ஆமான்னு தலையாட்டிட்டேன்."

"நாள் பூரா டமால் டமால்னு தகரம் அடிக்கிற காதுக்கு ஹை ரெசொல்யூஷன் கேக்குதா உனக்கு!"

"சிரிக்காதடா. நாளைக்குக் கம்பெனில காது டெஸ்ட். பீப் கேட்டா கை தூக்கணும். ஃபெயிலானா பிரஸ்லேர்ந்து மாத்திடுவானுங்க, ஓ.டி. காசு போயிடும்."

நானும் பிரஸ்தான். காதோரம் இரண்டு விரலைத் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பஸ் சத்தம்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜன்னலோரம் இருந்தவர் கேட்டார்:

"ஏன்டா, டெஸ்ட் ரூமுக்குள்ளேர்ந்து பாத்தா, பீப் போடுற நர்சம்மா மூஞ்சி தெரியுமா?"

நானும் ஆவலாக முன்னால் குனிந்தேன். மற்றவர் குரலைத் தாழ்த்தி ஏதோ பதில் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.