வேலம்மாள் சொல்லாத பெயர்

வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிய பிறகும், பூட்டினேனா என்று இறங்கி வந்து பார்க்கிறவன் நான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். என்னை விசாரிக்கும் நீங்களும் தெரிந்துகொண்டால் மற்றது எளிதாக விளங்கும் ஐயா.

திருச்சியில், நில எடுப்பு அலுவலகத்தில் எனக்கு ஒரே வேலைதான். புறவழிச் சாலைக்கு நிலம் கொடுத்தவர்கள் இழப்பீடு வாங்க வரும்போது, வந்திருப்பவர் அவர்தானா என்று உறுதி செய்வது. எனக்கு முன் அந்த இருக்கையில் இருந்தவர், ஒருவருடைய பணத்தை அதே பெயருள்ள இன்னொருவருக்குக் கொடுத்து சஸ்பெண்ட் ஆனவர். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். பெண்கள் தங்கள் பெயரையும் கணவர் பெயரையும் வாயால் சொல்ல வேண்டும். அதை செல்போனில் பதிவு செய்வோம். விதியில் அப்படி இல்லை. தாசில்தார் பாராட்டினார். மாலையில் சட்ட வகுப்புக்குப் போகிறவன் என்பதால், சாட்சியம் என்றால் என்ன என்று கொஞ்சம் தெரியும்.

லால்குடிப் பக்கத்திலிருந்து வேலம்மாள் வந்தார். ஆதார், பட்டா, கைரேகை எல்லாம் பொருந்தின. கணவர் பெயரைக் கேட்டேன்.

"அதெப்படி சாமி என் வாயால? புள்ளையக் கொஞ்சுற வார்த்தை, அதோட இது" என்று கண்ணைத் தொட்டுக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் "செல்லக்கண்ணுங்க" என்று எடுத்துக் கொடுத்தார்கள். மற்றவர் சொல்வது செல்லாது என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீ வைதேஹியம்மா புள்ளதானே? ரயில்ல வந்து உங்க வீட்டுக்கு வாழையிலை போட்டவ நான். என் இலைக்கட்டு மேலயே ஒண்ணுக்குப் போன புள்ள, இன்னிக்கு நீ யாருன்னு என்னையக் கேக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பணத்தை நிறுத்தி, 'அடையாளம் உறுதியாகவில்லை' என்று நல்ல கையெழுத்தில் எழுதினேன். அன்று காலை வந்த வயதான பெண்கள் இரண்டு பேரும் கணவர் பெயர் சொல்லத் தயங்கியவர்கள்தான். அவர்களுக்கு நானே பெயரைச் சொல்லி, தலையாட்டினால் போதும் என்று விட்டிருந்தேன்.

அடுத்த வாரம் வேலம்மாள் சிரிக்கவில்லை. கணவர் தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பணம் கட்டினால்தான் இதய ஆபரேஷன். "பேரச் சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும் சாமி. இந்த நேரத்துல போயா சொல்லச் சொல்றீங்க?" முதல் நாள் 'நீ' என்றவர், இப்போது 'நீங்க' என்றார்.

பக்கத்து இருக்கை முருகானந்தம், "நமக்கே தெரியுதே சார், விட்டுடுங்க" என்றார்.

"உங்க கையெழுத்துல விட்டுடவா?" என்று கேட்டேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்று வகுப்புக்குப் போகும்போது பஸ்ஸில் எனக்குச் சந்தேகம் வந்தது. பூட்டு விஷயத்தில் வருமே, அதே மாதிரி. ஆனால் இறங்கவில்லை.

மூன்றாம் முறை வந்தபோது அவர் நெற்றியில் பொட்டு இல்லை. அவராகவே செல்போன் முன்னால் வந்து நின்றார்.

"செல்லக்கண்ணு. செல்லக்கண்ணு. செல்லக்கண்ணு. போதுமா சாமி, இன்னும் வேணுமா?"

பதிவு தெளிவாக இருந்தது. அன்றைக்கே பணம் அனுப்பப் பரிந்துரைத்தேன். அதில் என் பக்கம் தாமதம் கிடையாது.

வழக்கம் தெரியாமல் செய்த தவறு என்று எழுதிக் கொடுத்தால் தப்பிக்கலாம் என்கிறார்கள் அலுவலகத்தில். அது பொய்யாகிவிடும். என் அம்மாவும் அப்பா பெயரைச் சொன்னதே இல்லை. அவர் காலமான பிறகு, இறப்பைப் பதிவு செய்ய மாநகராட்சிக்குப் போனபோதுதான் 'லக்ஷ்மிகாந்த்' என்று முதன்முதலாகச் சொன்னாள். தடங்கலில்லாமல் சொன்னாள். பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

ஆகவே வேலம்மாளின் வாயிலிருந்து அந்தப் பெயர் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும் ஐயா. நான் அவரை அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தேன்.