சனிக்கிழமை பேக்கப்

இளவேனில்: செருப்பைக் கழட்ட வேணாம் மேடம். வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போங்க.

ஸ்வர்ணா: அல்சூர்லேர்ந்து ரெண்டரை மணி நேரம் ட்ராஃபிக்ல வந்திருக்கோம் இளவேனில்... ஒரு வாய் தண்ணியாவது...

இளவேனில்: ஆனேக்கல் தூரம்தான். நாலு வருஷம் தினமும் ரெண்டு பஸ் மாறி உங்ககிட்ட வேலைக்கு வந்தவ நான், எனக்குத் தெரியாதா? சாய் சார், நீங்க ஏன் கார் பின்னாடி ஒளியறீங்க?

சாய்கிருஷ்ணா: இல்ல... பார்க்கிங் சரியா இருக்கான்னு...

ஸ்வர்ணா: தம்பியை விடு. வண்டி ஓட்டிட்டு வந்தான், அவ்வளவுதான். என்கிட்ட பேசு.

இளவேனில்: பேச என்ன இருக்கு? மூணு மாசம் முன்னாடியே பேசி முடிச்சிட்டீங்களே. செயற்கைக் கால் பொருத்திக்க வந்த பத்துப் பேர் உக்காந்திருக்காங்க... அவங்க முன்னாடி என் பையைக் கவுத்துக் கொட்டினீங்க. டிஃபன் பாக்ஸ், சீப்பு, என் மாத்திரை...

ஸ்வர்ணா: அந்த ஹார்ட் டிஸ்க்கும் விழுந்துச்சுல்ல? நம்ம பேஷண்ட்ஸ் எல்லாரோட கால் அளவும் அதுல இருந்துச்சா இல்லையா?

இளவேனில்: இருந்துச்சு.

ஸ்வர்ணா: அப்புறம் நான் என்ன நெனைப்பேன்? வைட்ஃபீல்ட்ல ஒருத்தன் புதுசா இதே தொழில் ஆரம்பிச்சிருந்தான்...

இளவேனில்: 'ஏன் எடுத்துட்டுப் போற'ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? திருடின்னு, 'கள்ளி'ன்னீங்க. அதுவும் கன்னடத்துல. உக்காந்திருந்த எல்லாருக்கும் புரியட்டும்னு.

ஸ்வர்ணா: ...சரி, தப்புதான். அதை இப்ப விடு.

இளவேனில்: விடறதா?

ஸ்வர்ணா: ஞாயித்துக்கிழமை மழையில நம்ம கீழ்த்தளம் பூரா இடுப்பளவு தண்ணி. கம்ப்யூட்டர் முழுகிடுச்சு. பேக்கப் எடுத்து வச்ச டிஸ்க்கும் அதே மேஜை டிராயர்லதான். ரிப்பேர் பாக்கற க்ளென் ரெண்டையும் பிரிச்சுப் பாத்துட்டு கையை விரிச்சிட்டான். நானூத்திப் பன்னெண்டு பேரோட அளவு, ஸ்கேன்...

இளவேனில்: எல்லாமே போச்சா?

ஸ்வர்ணா: எல்லாமே.

இளவேனில்: கோவிந்தப்பா தாத்தாவோடது?

ஸ்வர்ணா: அவருக்கு இந்த வாரம் கால் தர்றதாச் சொல்லியிருந்தோம். செஞ்சு வச்ச மாவு அச்சும் ஊறிக் கரைஞ்சுபோச்சு. நேத்து ஊன்றுகோலோட வந்து நின்னாரு. திரும்ப அளவெடுக்கணும்னு சொன்னேன். 'மொதல்லேர்ந்தா'ன்னு கேட்டாரு.

இளவேனில்: பாவம், அந்த வயசுல திரும்ப மொதல்லேர்ந்தா?

ஸ்வர்ணா: உன்கிட்ட இன்னொரு காப்பி இருக்கும்ல? கண்டிப்பா இருக்கும். நீ விவரமான பொண்ணு.

இளவேனில்: ஒண்ணு வச்சிருந்ததுக்குத் திருடி. ரெண்டு வச்சிருந்தா விவரமானவளா? கூச்சமே இல்லையா மேடம் உங்களுக்கு?

ஸ்வர்ணா: இருக்கா, இல்லையா?

இளவேனில்: இல்ல! அந்த ஒண்ணுதான். அதையும் சாய் சார் கையில குடுத்து, என் கண்ணு முன்னாடியே அழிக்கச் சொன்னீங்க. அவரும் அழிச்சாரு. நல்லா வேணும்னு சொல்லத்தான் தோணுது... அந்தத் தாத்தா முகத்தை நெனைச்சா வாய் வரமாட்டேங்குது.

ஸ்வர்ணா: நீ மட்டும் என்ன? எதுக்காக எடுத்துட்டுப் போறேன்னு அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ஊமை மாதிரி நின்னியே!

இளவேனில்: நான் ஏன் வாயத் தொறக்கலன்னு உங்க தம்பியைக் கேளுங்க.

ஸ்வர்ணா: சும்மா அவனை எதுக்கு இழுக்கற?

சாய்கிருஷ்ணா: அக்கா, கெளம்பலாம். மழை வர்ற மாதிரி...

இளவேனில்: நில்லுங்க சார். 'ஒரு காப்பி எப்பவும் வேற எடத்துல இருக்கணும், சனிக்கிழமையானா நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு, அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்.' யார் சொன்னது?

ஸ்வர்ணா: ...சாய்?

இளவேனில்: அன்னிக்கு சாயங்காலம் போன் பண்ணி, 'ஒரு வாரம் பொறு, அக்கா கோவம் தணியட்டும், நானே உண்மையைச் சொல்றேன்'னு அழுதது யாரு? பொறுத்தேன் சார். பன்னெண்டு வாரம்.

ஸ்வர்ணா: டேய், என்னைப் பாரு. நீயே எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டு, அவளை நான் அந்தப் பேச்சுப் பேசறப்ப பக்கத்துலயே நின்னியா?

சாய்கிருஷ்ணா: நீ கத்தின கத்துல எனக்கு நாக்கே எழலக்கா...

ஸ்வர்ணா: நாக்கு எழல, கை மட்டும் எழுந்துச்சா? உன் கையாலதானடா அழிச்ச! நாலு நாளா சோறு தண்ணியில்லாம அலையறேன், ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி மன்னிப்புக் கேக்கறேன்... பக்கத்துலயே உக்காந்து நம்பர் போட்டுக் குடுத்தியேடா!

சாய்கிருஷ்ணா: அழிக்கலக்கா.

இளவேனில்: நான் பாத்தேனே சார்!

சாய்கிருஷ்ணா: நீங்க ரெண்டு பேரும் பாத்தது வேற டிஸ்க். இவ பையிலேர்ந்து விழுந்தது பத்திரமா என் பீரோவுல இருக்கு. தொறந்தா மொதல்ல வர்றதே நான் இவளுக்கு எழுதி வச்ச குறிப்புதான்... சனிக்கிழமை எதையெல்லாம் எடுக்கணும், வீட்ல எங்க வைக்கணும்னு, அடியில என் பேரோட. அதை நீ படிச்சிடுவ, அழிச்சாலும் டிஸ்க்கை ஏன் மாத்தினேன்னு கேப்பியேன்னுதான்க்கா... நாலு நாளா எடுத்துத் தரல.