அதே இடத்தில் ஊசி

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன் ஐயா, டயாலிசிஸுக்கு வருகிறவர்களை வாரத்துக்கு மூன்று தடவை பார்க்கிறேன். கூடப் பிறந்தவர்களைக்கூட வருஷத்துக்கு இரண்டு தடவைதான் பார்க்கிறேன். அந்த வகையில் என்னிடம் வந்த ஒரு தையற்காரர் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அவருடைய இடது முன்கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். அவர் உயிரே அந்தக் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஊசியை இடம் மாற்றிக் குத்த வேண்டும் என்பது விதி. புது இடம் வலிக்கும். குத்திக் குத்திப் பழகிய இடம் மரத்துப்போகும். முதல் மாதம் விதிப்படி குத்தினேன். மனிதர் வார்டே கேட்கும்படி அலறினார். அப்புறம் ஒரே இடத்தில் குத்தினேன், சத்தமே இல்லை. காலமெல்லாம் ஊசியோடு கிடந்த தானே இப்படி ஊசி பிடிக்கும் ஒரு கையைப் பார்த்ததில்லை என்று எல்லாரிடமும் சொன்னார். மற்ற நோயாளிகளும் என்னைத்தான் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, மறைப்பானேன்.

அந்த இடம் கோலிகுண்டு அளவுக்குப் புடைத்தது. தோல் மெலிந்து மினுமினுத்தது, பொருக்கு ஆறவே இல்லை. புதிதாக வந்த நர்ஸ் டாக்டரிடம் காட்டலாம் என்றாள். நேற்று வந்தவள் எனக்குப் பாடம் எடுப்பதா என்று பட்டது. அவளை வேறு ஷிஃப்டுக்கு மாற்ற வைத்தேன். அவருடைய சிகிச்சைக் குறிப்புத் தாளில் ‘இடம் மாற்றிக் குத்தப்பட்டது’ என்று நான்கு மாதம் எழுதினேன். கையெழுத்து என்னுடையதுதான்.

திங்கட்கிழமை காலை அவருடைய மகள் போன் செய்தாள். குளிக்கும்போது பொருக்கு உரிந்து ரத்தம் பீறிடுகிறதாம்.

“என்ன செய்யணும் அண்ணா?”

எனக்குத் தெரியும். அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தபடி ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி அவர்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே கையைப் பார்த்த மாத்திரத்தில் நான் செய்தது தெரிந்துவிடும்.

“துணியால கட்டி நேரா என்கிட்ட கூட்டிட்டு வாம்மா. வேற எங்கயும் போகாதே,” என்றேன்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. வண்டி வந்து நின்றபோது அவர் போய்விட்டிருந்தார். நான்தான் கொன்றேன் என்று அந்த வாசலிலேயே எனக்குத் தெரிந்தது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “நான் சரியா கட்டலையோ அண்ணா?”

நான் சொன்னபடி நன்றாகத்தான் கட்டியிருந்தாள்.

“பதட்டத்துல யாருக்கும் அப்படி ஆகிடும்மா” என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.