முன்பின் தெரியாத இருவர்

போட்டோக்காரர்: மணி பத்து இருபத்தேழு. அரை மணி நேரமா ரெண்டு பேரும் விளக்குக் கம்பம் மாதிரி நிக்கறீங்க. அக்கா தம்பின்னு சொன்னேனே!

தொப்பி: முன்பின் தெரியாதவங்களைப் போய் எப்படி சார் அக்கான்னு...

போட்டோக்காரர்: என் கண்காட்சியே அதுதான்யா. யாரோ எவரோ ரெண்டு பேர், பாக்கறவங்களுக்குச் சொந்தமாத் தெரியணும். முப்பத்தொன்பது ஜோடி முடிச்சாச்சு, நீங்க கடைசி. பேர் சொல்லக்கூடாது. நீங்க தொப்பி, இவங்க கண்ணாடி.

கண்ணாடி: படம் ஒண்ணு கையில தருவீங்கல்ல? வீட்டுல ஒருத்தங்க சுவத்துல மாட்டணும்னு உயிரை வாங்கறாங்க.

தொப்பி: என் உயிரையும்தான்.

போட்டோக்காரர்: பிரேம் போட்டே தர்றேன். தொப்பி, அவங்க தோள்ல கை வைங்க.

கண்ணாடி: கையைக் கழுவிட்டு வைக்கச் சொல்லுங்க.

தொப்பி: கழுவியாச்சுன்னு சொல்லுங்க.

போட்டோக்காரர்: நான் என்ன தபால்காரனா? நேராப் பேசுங்க. தொப்பி, கொஞ்சம் கிட்ட... தொப்பி! யோவ் தொப்பி!

கண்ணாடி: இந்தப் பக்கம் வந்து கூப்பிடுங்க. அவருக்கு அந்தக் காது கேக்காது.

போட்டோக்காரர்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

கண்ணாடி: ரெண்டு தடவை... கத்தினீங்க. திரும்பலையே.

போட்டோக்காரர்: பலே! சரி, கண்ணாடியைக் கழட்டுங்க, வெளிச்சம் அடிக்குது.

தொப்பி: ஐயோ, கழட்டினா தலைவலி வந்துடும் சார்... பொதுவா. எல்லாருக்கும்.

கண்ணாடி: பொதுவா சில பேருக்கு வாய் நீளம்.

தொப்பி: பொதுவா சில பேருக்கு எட்டு வருஷம் ஆனாலும் மூக்கு நுனியில...

போட்டோக்காரர்: அதேதான்! அந்த முறைப்பு! அசையாதீங்க... ஆச்சு. என்ன நடிப்பு! தொப்பி, கையை எடுக்கலாம்.

தொப்பி: ஓ... முடிஞ்சுதா.

போட்டோக்காரர்: எப்பவோ. எடுங்கய்யா, அவங்க சங்கடப்படுவாங்க.

கண்ணாடி: நான் ஒண்ணும் சொல்லலையே.

போட்டோக்காரர்: இந்தத் தாள்ல ஆளுக்கொரு கையெழுத்து. ‘எங்கள் இருவருக்கும் இடையே எந்த உறவும் இல்லை.’ கண்காட்சி விதி. போடலைன்னா படத்தை அழிச்சிடணும்.

கண்ணாடி: அழிக்கறதா? குடுங்க இப்படி... போட்டாச்சு.

போட்டோக்காரர்: தொப்பி? என்ன, பேனா எழுதலையா?

தொப்பி: நல்லாத்தான் எழுதுது சார்... ஏன்க்கா, அம்மாகிட்ட படத்தைக் குடுக்கறப்போ இந்தத் தாளையும் சேத்துத்தான் குடுப்பியா?