ஷோகேஸுக்குள் குடிவந்த எலி

"ஹலோ... ஹலோ... யாரு?... ஏட்டி, பொன்மணியா?... நான் அம்மா பேசுதேன்... ஆமா, அம்மாதான். எதுக்கு அழுத?... மெதுவாச் சொல்லு, ஒண்ணும் வெளங்கல."

முத்துச்செல்வி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய எஸ்.டி.டி. பூத்துக்குள் வெக்கை அடைத்துக் கிடந்தது. கதவுக்கு வெளியே அவள் அண்ணன் லிங்கராஜ் நின்றான். கோவில்பட்டியில் இருக்கும் அவள் புருஷன் செல்லத்துரையிடம் ஒரே ஒரு சேதி சொல்வதற்காக அழைத்து வந்திருந்தான். நாளைக் காலையில் வண்டி வரும், கல்யாணத்துக்கு அவள் கொண்டுபோன சாமான்களை எல்லாம் ஏற்றிவிட வேண்டும். கல்யாணத்தைத் தீர்த்து எழுதிவிட இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிப் பேசிய ஏற்பாடு. சாமான் அவளுக்கு, எட்டு வயது மகள் அவனுக்கு. ஆவணியில் அவனுக்கு வேறு கல்யாணம். போனை மகள் எடுப்பாள் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

"எது சாகப் போகுது?... எலியா? ஒரு எலிக்கா இந்த அழுக?... சரி சரி, எலி இல்ல, ஹாம்ஸ்டர். யாரு வாங்கித் தந்தா?... அப்பாவா... மதுரையில இருந்தா... ம்... பேரு என்ன வச்சிருக்க?... ஜிம்மியா? அது நாய்க்கு வைக்கித பேருல்லா... சரி, எங்கன போட்டு வச்சிருக்கீங்க?... எதுல?"

அவள் குரல் இறங்கியது.

"நம்ம ஷோகேஸ்லயா."

முத்துச்செல்வியின் அப்பா அவளுக்குச் சீராகச் செய்து கொடுத்த தேக்கு ஷோகேஸ். அதில் பீங்கான் வாத்துகளையும், பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய சின்னக் கப்பையும் அவள்தான் அடுக்கி வைத்திருந்தாள். அந்த வீட்டில் அவள் இஷ்டப்படி வைத்துக்கொண்ட இடம் அது ஒன்றுதான்.

"உள்ள இருந்ததெல்லாம்?... அட்டப்பெட்டியிலயா... இல்லட்டி, கோவம் இல்ல. நடுத்தட்டக் கழட்டிட்டாவளா?... அது நல்லதுதான், ஓடியாட எடம் வேணும்லா. கண்ணாடிய மூடியா வச்சிருக்கு?... முழுசாவா? சன்னல் வெயில் வேற அதுமேல நேரா விழுமே. உள்ள காத்து எப்படிட்டி போவும்?... அப்பா எங்க?... குளிக்காவளா. அவிய வரட்டும்னு நிக்காத, நான் சொல்லுததச் செய்யி. போன வச்சிராத, பக்கத்துல போட்டுட்டுப் போயிக் கண்ணாடியத் தெற... வரலியா?... இழுக்காத, இழுக்காத. இடது பக்கத்துக் கண்ணாடி எப்பமும் மக்கர் பண்ணும். லேசா மேல தூக்கு. அப்புறம் தள்ளு."

கண்ணாடி மரச்சட்டத்துப் பள்ளத்தில் உரசும் சத்தம் அவளுக்கு இங்கே கேட்டது.

"தெறந்துட்டியா?... வயிறு ஏறி எறங்குதா, பாரு... ஆமா... ஆமா... அப்பாடி. கையில தூக்காத, சும்மா விடு. ஒரு டப்பா மூடியில தண்ணி ஊத்திப் பக்கத்துல வையி. கீழ என்ன போட்டிருக்கு?... தீப்பெட்டி ஆபீஸ்ல கழிச்ச குச்சியா? மொதல்ல அத அள்ளு. மருந்து ஒட்டுனது ஒண்ணு ரெண்டு கெடக்கும், கடிச்சுத் தொலைச்சிரும்... என் பழைய சேல எதுவும் கெடக்கா?... ஒண்ணுகூட இல்லியா... சரி. உன் பழைய பாவாடையக் கிழிச்சுப் போடு. ஒரு பக்கத்துக் கண்ணாடிய அடியோட கழட்டிட்டுக் கொசுவலைய வச்சு ஆணி அடிக்கணும்... நானா? நான் எப்படிட்டி வந்து அடிக்க முடியும்?"

லிங்கராஜ் கதவைத் தட்டினான். சொல்லியாயிற்றா என்று கண்ணால் கேட்டான். இல்லை என்று தலையசைத்தாள்.

"பொன்மணி, கேளு. நாளைக்கு வண்டி வரும்... ஆமா, நம்ம வீட்டுக்குத்தான்... இல்லட்டி, நீ துணிய எடுத்து வைக்க வேண்டாம்... உன்ன ஏத்த இல்ல. சாமான ஏத்த... கட்டிலு, பீரோ, அண்டா... ம்... ஷோகேஸும்தான்... அதெல்லாம் நான் கொண்டு வந்ததுல்லா. கொண்டு வந்தத நான் எடுத்துக்கிடலாம்னு பேசியிருக்காவ... நீயா?... நீ அங்கன பொறந்த பிள்ள. உன்ன நான் கொண்டு வரல."

சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு அவள் காதிலேயே விழுந்தது.

"ஏட்டி... இருக்கியா?... என்ன கேக்க?... ஜிம்மி எங்க போவும்னா கேக்க..."

அவள் கதவுக்கு வெளியே நின்ற அண்ணனைப் பார்த்தாள்.

"யாரு வாரா?... அப்பாவா... சரி, குடு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நான்தான்... பிள்ளைக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல... ஆமா, நாளைக்குக் காலையில. அண்ணன் வண்டிக்குச் சொல்லிட்டான்... ஆமா, ஆமா, எல்லாத்தையும் ஏத்தி விட்டிருங்க. ஷோகேஸ் மட்டும் அங்கனயே கெடக்கட்டும்... உங்களுக்கு விட்டுக் குடுக்கல. கெடக்கட்டும்னுதான் சொல்லுதேன், ரெண்டும் வேற... பெரியவிய சொன்னது எனக்கும் தெரியும். நான் கொண்டு வந்ததுல ஒரு சாமான் அந்த வீட்டுல பாக்கி கெடந்தாலும் தீர்த்து எழுதக் கூடாதுன்னுதான சொன்னாவ?... தெரிஞ்சுதான் பேசுதேன்... ஆவணியில நடந்தா என்ன, நின்னா எனக்கென்ன? என் சாமான் கெடக்க வீட்டுக்கு நான் வருவேன், போவேன். யாரும் ஏன்னு கேக்க முடியாது... சத்தம் போடாதீங்க, பிள்ள பக்கத்துல நிக்கி... தெருவுல தூக்கி எறிவீங்களா? எறிங்க. உள்ள உங்க மக வளக்கது கெடக்கு. அவ பாத்துட்டு நிப்பா... ஹலோ... ஹலோ..."

அவன் போனை வைத்துவிட்டான்.

லிங்கராஜ் கதவில் கை வைத்தான். இன்னும் ஒரு நிமிஷம் என்று அவனுக்கு விரலைக் காட்டிவிட்டு, அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"ம்... சொல்லுட்டி... ஆமா... ஆமா... வரும்போது ஆணி வாங்கிட்டு வாரேன்," என்றாள், வெறுமனே இரைந்துகொண்டிருந்த ரிசீவரில்.