விராலிடம் சொன்னது

— அத்தை, கொங்காணியைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்க. நீங்க போர்த்தியிருக்க சாக்கு தேரு மாதிரி முன்னால நிக்குது. எனக்கு ஆறே தெரியல.

— ஏ விராலே, உன் மொதலாளிகிட்ட சொல்லு. முன்னால உக்காந்திருக்கது நான். பாறை வந்தா நான் சொல்லுதேன். அவரு துடுப்பைப் போட்டாப் போதும்.

— காலடியில கெடக்க மீனுகிட்டயா பேசுதிய?

— பேசுனா என்னவாம்? உசிரோடதான கெடக்கு. வாலால என் கணுக்காலைத் தட்டுது, உம் கொட்டுத மாதிரி.

— ஆறு வருசமா இதே கூத்துதான். உங்க வீட்டுக்கு வந்தா கதவுகிட்ட பேசுவிய. களத்துக்கு வந்தா மாட்டுகிட்ட பேசுவிய. "மாடே, மருமவப்பிள்ளைக்கு மோரு வேணுமான்னு கேளு." நானும் "மாடே, வேணும்னு சொல்லு"ன்னு சொல்லிக் குடிச்சிருக்கேன். இப்ப சிற்றாத்து நடுவுல, வெள்ளத்துல, என் முட்டி உங்க முதுகுல இடிக்குது. இங்கயும் நேரா ஒரு வார்த்தை கெடையாதா?

— மருமவப்பிள்ளை மூஞ்சியைப் பார்த்துப் பேசுத வழக்கம் எங்க கொடிவழியில கெடையாது. ஆத்துல வெள்ளம் வந்தா வழக்கம் அடிச்சிட்டுப் போயிருமா? விராலே, கேளு. எம் மவ ராமலச்சுமிக்கு வலி எப்ப எடுத்துச்சு?

— நேத்து வெளக்கு வைக்கிற நேரம்.

— பனிக்கொடம்?

— காலையில உடைஞ்சிட்டு.

— தலை எறங்கிட்டாமா?

— அதான் அத்தை சங்கதியே. பக்கத்து வீட்டு சைதூன் பீவிதான் கூட இருக்கா. வயித்தைத் தடவிப் பார்த்துட்டு, தலை மேல நிக்குது, காலுதான் கீழன்னா. "எனக்கு இதுக்கு மேல தெரியாது பால்வண்ணம், ஓடு, உன் மாமியா கை வந்தாத்தான் தாயும் பிள்ளையும் பொழைக்கும்"னு வெரட்டி விட்டா. கடையத்துக்குப் போன மருத்துவச்சி அங்கனயே மாட்டிக்கிட்டா, ரோடு பூரா தண்ணி. பாலத்து மேல இடுப்பளவு போகுது.

— விராலே, வேகமாப் போடச் சொல்லு.

— போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பாதித் துடுப்பு எவ்வளவு போகுமோ அவ்வளவுதான் போகும்.

— பாதியா? மீதி என்னாச்சு?

— மீதி உங்க மடியில கெடக்கே, அதுதான். படகைக் குடுத்த வெள்ளைக்காரத் துரை துடுப்புக்கு ரெண்டு முனையிலயும் பலகை இருந்துச்சு. ரெண்டு கையாலயும் மாத்தி மாத்திப் போடுவாரு. நான் நடுவுல அறுத்துட்டேன், ஆளுக்கு ஒண்ணு ஆகும்லான்னு. ராமலச்சுமி முன்னால, நான் பின்னால.

— நல்ல மூளை.

— அதோட விட்டனா? இந்தப் படகே கித்தான் படகு, மேலயும் பூரா கித்தான் போட்டு மூடியிருக்கும். நடுவுல ஒரு ஓட்டை. அதுல ஒரு ஆளு இடுப்பு வரைக்கும் சொருகிக்கிட்டு உக்காரணும். அப்படி உக்காந்தா வலை வீசுறது எப்படி? கத்தியை எடுத்து மேல் கித்தானைக் கிழிச்சி எடுத்துட்டேன். சாரல் காலத்துல ஒண்ணும் தெரியல. இந்த ஐப்பசி வெள்ளத்துலதான் புரியுது, துரை எதுக்கு மூடி வச்சாருன்னு. அலை ஒவ்வொண்ணும் உள்ள வந்துட்டுத்தான் போகுது. அத்தை, சிரட்டை கெடக்கு பாருங்க, தண்ணியைக் கோரி ஊத்துங்க.

— எங்க?

— உங்க வலது முட்டிகிட்டத்தான்.

— ஆங். ஆப்டுட்டு. துரை திரும்பி வந்து இதைப் பார்த்தா உன் மொதலாளி தோலை உரிச்சிருவாரு, விராலே.

— அவரு பட்டாளத்துல சேந்து சண்டைக்குப் போயி வருசம் மூணாச்சு. போம்போது "நீயே வச்சுக்கோ"ன்னுட்டாரு. நல்ல மனுசன். சாரல் பிடிச்சா குத்தாலத்துக்கு வந்துருவாரு. கோழி எறகைக் கட்டுன தூண்டில், காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் இதுக்குள்ள உக்காந்து வீசுவாரு. முழங்கை நீளக் கெண்டையைப் பிடிச்சி, நாடாவை வச்சி அளந்து, நோட்டுல எழுதிட்டு ஆத்துலயே விட்டுருவாரு.

— விட்டுருவாரா? பைத்தியமா?

— நானும் அப்படித்தான் நெனைச்சேன். இப்ப நானும் சில நாளு விடுதேன்.

— எடது கைப் பக்கம் பாறை! தள்ளிப் போடச் சொல்லு விராலே!

— எங்க? ஒண்ணும் காணல்லையே... யம்மாடி! ஆமா! தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டுல்லா கெடக்கு! எப்படித் தெரிஞ்சது உங்களுக்கு?

— பாறை மேல ஏறி எறங்குத தண்ணி உலை கொதிக்கிற மாதிரி கொதிக்கும். அது ஒரு தனிச் சத்தம். இன்னும் ஒண்ணு வருது, அதே பக்கம். சின்னது.

— தப்பிச்சோம். அஞ்சு வருசமா ஆத்துலயே கெடக்கேன், எனக்கு இது தெரியாது. எங்கூட மீன் பிடிக்க வந்திருக்கலாம் நீங்க.

— மீன் பிடிக்கவா? விராலே, நஞ்சை இருக்கு, ஏர் இருக்கு, உழுது பொழைக்கிற பிள்ளைன்னு நம்பித்தான் இவருக்குப் பொண்ணைக் குடுத்தேன். அவரு ஏரைத் தம்பிகிட்டக் குடுத்துட்டு, தூண்டில் கயித்தைக் கால் பெருவிரல்ல சுத்திக்கிட்டு ஆத்துல மல்லாந்து கெடக்காருன்னு ஊரே சிரிச்சுது.

— சிரிச்சவன் வீட்டுச் சட்டியிலதான் என் மீன் கொதிச்சுது. சித்திரையில ஆறு வத்தி மடு மடுவாக் கெடக்கும், சேத்துல கையை விட்டு விரால் பிடிப்பேன். ஆனி ஆடியில தெளிஞ்ச தண்ணி, படகுல இருந்து தூண்டில். ஐப்பசியில கலங்கல், கெளுத்தியும் ஆரலும் கரையோரம் ஒதுங்கும், வலை. உழுதவனுக்கு ரெண்டு போகம், எனக்கு வருசம் பூரா. உங்க மவ ஒரு நாளு பட்டினி கெடந்திருக்காளா? கேளுங்க அவகிட்ட.

— கேக்கத்தான் போறேன். போடச் சொல்லு.

— இந்த விரால் கூட அவளுக்குத்தான். பிள்ளை பெத்த உடம்புக்குக் கொழம்பு வச்சா தெம்பு வரும்னு நேத்துப் போயிப் பிடிச்சேன். நான் இதைப் பிடிச்சிக்கிட்டு நிக்கம்போது அவளுக்கு வலி எடுத்திருக்கு. ஒத்தையில கத்தியிருக்கா அத்தை. ஆத்து இரைச்சல்ல என் காதுல விழல.

— விராலே, அழுதா துடுப்பு நகராதுன்னு சொல்லு.

— அத்தை, ஒண்ணு கேக்கணும். கரை ஏறிட்டா என்னால கேக்க முடியாது.

— இது பேசுத நேரமா?

— ரெண்டு வருசத்துக்கு முந்தி, ஆடி மாசம். தலைப்பிரசவம். அன்னைக்கும் மலையில மழை, ஆத்துல தண்ணி ஏறியிருந்துச்சு. இதே படகை உங்க படித்துறையில கொண்டாந்து நிறுத்துனேன். நீங்க வந்திய. ஒரு காலைத் தூக்கி உள்ள வச்சிய. படகு ஆடுச்சு. விளிம்பைக் கையால தடவிப் பார்த்திய. பொறவு காலை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டிய. நான் கத்துனேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. பொம்பளைப் பிள்ளை. கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு. நெறைய முடி. ராமலச்சுமி அதுக்குப் பொறவு உங்க பேரை எடுக்கல. நானா எடுத்தாலும் எந்திரிச்சிப் போயிருவா. என்ன கோவம் அத்தை? மீன்காரன் படகுல ஏறக்கூடாதுன்னா? உங்க மவன் முத்துராமலிங்கம் அத்தான் போலீசுல சேந்ததுல இருந்து நீங்க எந்த வீட்டுக்கும் பேறுகாலம் பாக்கப் போறதில்லையாமே. கௌரவக் கொறைச்சலாப் போச்சா?

— விராலே...

— சொல்லுங்க. விரால் கேக்கட்டும், நானும் கேக்கேன்.

— விராலே, அன்னைக்கு என் கை மேல எனக்கு நம்பிக்கை இல்லாமப் போச்சுன்னு சொல்லு.

— சொந்த பந்தத்துல பாதிப் பேரை இந்தப் பூமியில எடுத்துப் போட்ட கை. அதுக்கு நம்பிக்கை இல்லையாம். இன்னைக்கு மட்டும் எங்க இருந்து வந்துச்சு?

— இன்னைக்கும் வரல. வேற கை இல்லைன்னு சொன்னாருல்லா.

— இன்னைக்கும்தான் என்ன வரவு வந்திய! உங்க மருமவ சொக்கம்மாள் கையைப் பிடிச்சிக் கூட்டியாந்து, காலை எடுத்து உள்ள வச்சி, குந்த வச்சிட்டுப் போனா. சமஸ்தானத்து ராணி தோத்துருவா.

— மழை கூடிட்டு. சாக்குல விழுத சத்தம் காதை அடைக்குது. விராலே, மெதுவாப் போடச் சொல்லு.

— மெதுவாப் போறதுக்கு ஆறு விடணுமே! வளைவு வந்துட்டு. இதுக்கு அடுத்துதான் எங்க தோப்பு. முன்னால என்ன இருக்குன்னு சொல்லுங்க!

— ஒண்ணும் கேக்கல.

— கேக்காண்டாம், பார்த்துச் சொல்லுங்கன்னுதான... ஐயோ! கட்டை! பனங்கட்டை! சாயுங்க! வலது பக்கம் சாயுங்க அத்தை!

— முருகா!

— விளிம்பைப் பிடிங்க! விடாதிய! எந்திரிக்காதிய! ... அத்தை? அத்தை, இருக்கியளா?

— இருக்கேன்.

— அடி பட்டிருக்கா?

— தோளுலதான். கெடக்கட்டும்.

— நடு ஆத்துல, நேரா உங்க மூஞ்சிக்கு முன்னால வந்துச்சு அத்தை. வண்டி நீளக் கட்டை. அது என்ன, பாறையா, முங்கிக் கெடக்க? மெதந்துக்கிட்டு வந்துச்சு. முங்கிக் கெடந்த பாறையைச் சொன்னவளுக்கு மெதந்து வந்த கட்டையைச் சொல்ல வாயில்லையா? கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கிய! என் மேல உள்ள கோவத்தை மவ உசிருலயா தீக்கணும்? என் துடுப்பும் போச்சு. உங்க மடியில இருக்கதைப் பின்னால நீட்டுங்க. இங்கன. இன்னும் இந்தப் பக்கம். ஏன் காத்துல நீட்டுதிய, என் கையில குடுங்க. ஆங்.

— விராலே, தண்ணி எங்கயோ பீய்ச்சி அடிக்குது. எடது தொடைகிட்ட.

— விரால் போயிட்டு. படகு சரிஞ்சப்பவே துள்ளி ஆத்துக்குள்ள போயிட்டு. இனி யாருகிட்டப் பேசுவிய? பேசாதிய. பேசவே வேண்டாம். கித்தான் கிழிஞ்சிட்டு, அதை மட்டும் எதையாவது வச்சி அமுக்குங்க. முழுகுனா ரெண்டு பேருமாத்தான் முழுகுவோம். அவ அங்கன தனியாக் கெடந்து... அட, சாக்கை உருவி அடைச்சிட்டியளா? அப்படியே முட்டியால அழுத்திக்கிடுங்க. கெட்டிக்காரத்தனம் எல்லாம் இருக்கு. மனசுதான் இல்ல.

— பால்வண்ணம்! ஏ பால்வண்ணம்! இங்கன! இங்கன!

— சைதூன் பீவியா? அக்கா! எப்படி இருக்கா?

— பேச்சை விடு! படித்துறை முங்கிப் போச்சு, அதைத் தேடாத! மருத மரத்துக் கொப்பைப் பிடி! தாண்டிராத, தாண்டுனா அடுத்த கரை கெடையாது!

— அத்தை, குனிஞ்சிக்கிடுங்க! கொப்பு வருது! ... பிடிச்சிட்டேன்! பிடிச்சிட்டேன்! அக்கா, கயித்தைப் போடு!

— இந்தா! இழுக்கேன், இழுக்கேன். அல்லா, படகா இது, கந்தல் துணியால்லா இருக்கு! முப்பிடாதியக்காவைக் கொண்டாந்துட்டியா?

— கொண்டாந்துட்டேன். அவ எப்படி இருக்கா, அதைச் சொல்லு.

— ஒத்தைக் கால் வெளிய வந்துட்டு. இன்னொரு காலு மடிஞ்சி உள்ளயே கெடக்கு. கத்துததையும் நிப்பாட்டிட்டா, கண்ணு மேல சொருகுது. முப்பிடாதியக்கா, சீக்கிரம் ஏறி வாங்க. எண்ணெய் காய்ச்சி வச்சிருக்கேன், வெந்நீரு இருக்கு. நான் முன்னால ஓடுதேன், குடிசைக்குள்ள அவ தனியாக் கெடக்கா.

— ஏறுங்க அத்தை. கரை வந்துட்டு, ரெண்டு எட்டுதான். நான் படகைப் பிடிச்சிருக்கேன். ஏறுங்க. ... ஏன் நிக்கிய? ஏன் விளிம்பைத் தடவிக்கிட்டு நிக்கிய? அன்னைக்கு நின்ன மாதிரியே நிக்கியளே! அத்தை, உங்க காலுல விழுதேன். என்னை வைங்க, அடிங்க, சாவுத வரைக்கும் என் மூஞ்சியில முழிக்காதிய. அவ உங்க வயித்துல பெறந்தவ. குடிசை அந்தா நிக்குது, கதவு தெறந்து கெடக்கு. ஏறிப் போங்க!

— மாப்பிள்ளை, என் கையைப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போயி அவ வயித்து மேல கொண்டு வைங்க. எனக்கு ரெண்டு கண்ணும் அவிஞ்சி மூணு வருசமாச்சு.