விரிசல் விட்டுத் தீர்ந்துபோன கல்

பரக்கத் அலி: …அதான் சார் சொல்றேன். நீங்க போன வாரம் பாத்து வெச்ச கல்லு தீர்ந்துடுச்சு.

அற்புதசாமி: தீர்ந்துடுச்சா… அடடா. கேட்டியா டோரதி? அடுப்பு மேடைக்குன்னு நாம எடுத்து வெச்ச கல்லு தீர்ந்துடுச்சாம். என்ன பண்றது… சரி, கெளம்பு, வீட்டுக்குப் போலாம்.

பரக்கத் அலி: விரிசலும் விட்டுடுச்சு.

அற்புதசாமி: என்னது?

பரக்கத் அலி: விரிசல். குறுக்கால.

டோரதி: பாத்தீங்களா, விரிசல் விட்டுடுச்சாம். விரிசல் விட்ட கல்லுல எப்படிங்க அடுப்பை வெச்சு… ஒரு நிமிஷம் பாய். தீர்ந்துபோன கல்லுல எப்படி விரிசல் விடும்?

பரக்கத் அலி: மொதல்ல விரிசல் விட்டுச்சு டீச்சர். அப்பறம் தீர்ந்துச்சு.

அற்புதசாமி: விரிசல் விட்டதை எவன் வாங்கிட்டுப் போனான்?

பரக்கத் அலி: உறையூர்க்காரர் ஒருத்தர்.

அற்புதசாமி: தெரிஞ்சேவா?

பரக்கத் அலி: அவருக்கு விரிசலைப் பத்திக் கவலை இல்லையாம் சார். உக்காருங்க. டீ சொல்லட்டா?

அற்புதசாமி: டீ இருக்கட்டும். ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்ட் ஹெட்டா இருந்து, வைஸ் பிரின்சிபாலா ரிட்டயர் ஆனவன் நான். கிரானைட் சும்மா சாஞ்சு நிக்கறப்ப விரிசல் விடாது. அதுக்கு மேல இவ்வளவு அழுத்தம் குடுத்தா…

டோரதி: ஆரம்பிச்சுட்டாரு.

அற்புதசாமி: விஞ்ஞானம் டோரதி.

டோரதி: பாய் கல்லு விக்கிறவரு. அவருக்கே கல்லைப் பத்திப் பாடம் எடுக்கணுமா? நேத்து பல் டாக்டர்கிட்டப் போய் பல்லு எத்தனைன்னு சொல்லிக் குடுத்தீங்க.

அற்புதசாமி: அந்தப் பையன் தப்பா எண்ணினான்.

பரக்கத் அலி: சார், டீச்சர்… வேற கல்லு பாக்கறீங்களா? இல்ல, இன்னிக்கு வேண்டாம்னாலும் சரிதான். வெயில் வேற அடிக்குது.

டோரதி: எப்படி வேண்டாங்கறது? ஞாயித்துக்கெழம பங்குச் சாமியார் வந்து வீடு மந்திரிக்கணும் பாய். ஏற்கெனவே தேதி தள்ளித் தள்ளிப் போகுது. கதவு வந்துடுச்சு, கரண்ட் வந்துடுச்சு, பெயின்ட்டும் அடிச்சாச்சு. இந்த மேடை ஒண்ணுதான் பாக்கி. "மேடையே இல்லாத வீட்டுல பாலை எங்கம்மா காய்ச்சுவீங்க, என் தலையிலயா"ன்னு சாமியாரே கேட்டுட்டாரு.

அற்புதசாமி: மேடை போட்டா மந்திரிப்பு. மந்திரிச்சா மறுநாளே பாலக்கரை வீட்டைக் காலி பண்ணிட்டு ஸ்ரீரங்கம். என் மகன் ஜோஸ்வின் ஆஸ்திரேலியாவுல உக்காந்து பிளான் போட்டுக் கட்டின வீடு பாய். கொள்ளிடத்துப் பக்கம். வீடுன்னு சொல்லக்கூடாது. வில்லா.

பரக்கத் அலி: தெரியும் சார். நீங்க வர்ற ஒவ்வொரு வாட்டியும் சொல்லிருக்கீங்க.

அற்புதசாமி: சொன்னா என்ன, உண்மைதானே.

டோரதி: பாய், அந்தக் கறுப்பு எப்படி?

பரக்கத் அலி: கறுப்பு வேணாம் டீச்சர். ஒரு சொட்டு தண்ணி காஞ்சாலும் வெள்ளையாத் திட்டு தெரியும். கையில துணியோடயே நிக்கணும்.

அற்புதசாமி: அப்ப வெள்ளை. குவார்ட்ஸ். மகன் அதைத்தான் போட்டோ அனுப்பிருந்தான்.

பரக்கத் அலி: மீன் கழுவி மசாலா தடவுற வீட்டுக்கு வெள்ளையா சார்? மஞ்சத்தூள் ஒரு தடவ கொட்டினா போதும், சாகுற வரைக்கும் அதைத்தான் பாத்துக்கிட்டு நிக்கணும்.

டோரதி: அந்தப் பச்சை?

பரக்கத் அலி: அது மார்பிள். எலுமிச்சம்பழம் பட்டா பளபளப்பு போயிடும்.

டோரதி: பக்கத்துல செவப்பா ஒண்ணு…

பரக்கத் அலி: அது எனக்கே பிடிக்கலைங்க.

அற்புதசாமி: பாய், நீங்க கடையை நடத்தறீங்களா, மூடறீங்களா?

பரக்கத் அலி: மனசு சரியில்ல சார். அதான் உள்ளதைச் சொல்லிடறேன்.

அற்புதசாமி: லெதர் ஃபினிஷ்னு ஒண்ணு இருக்காமே. பளபளன்னு இல்லாம, தொட்டா தோல் மாதிரி மேடும் பள்ளமுமா இருக்குமாம். கௌரவமா இருக்கும்.

பரக்கத் அலி: அந்தப் பள்ளத்துல எல்லாம் ரவை போய் உக்காந்துக்கும் சார்.

டோரதி: ரவையா?

பரக்கத் அலி: கோதுமை மாவும் உக்காந்துக்கும்.

டோரதி: சாமி… எத்தனை கடைதான் ஏறி எறங்கறது. கால் ரெண்டும் கல்லா போச்சு. சரி, பின்னாடி ஷெட்டுல சாய்ச்சு வெச்சிருக்கீங்களே, அதைப் பாத்துட்டு வரேன். ஏங்க, நீங்க கூட வராதீங்க, இங்கயே இருங்க. நீங்க கூட வந்தா ஒரு கல்லையும் பாக்க விடமாட்டீங்க.

அற்புதசாமி: போ, போ. பாத்துப் போ… பாய், போயிட்டாளா?

பரக்கத் அலி: போயிட்டாங்க.

அற்புதசாமி: போன்ல நான் என்ன சொன்னேன்? கல்லு தீர்ந்துடுச்சுன்னு சொல்லுங்கன்னேன். விரிசல் எங்கேந்து வந்துச்சு?

பரக்கத் அலி: வாயில வந்துடுச்சு சார்.

அற்புதசாமி: பொய்யின்னா ஒண்ணு சொல்லணும். ரெண்டு சொன்னா ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும். இது அடிப்படை.

பரக்கத் அலி: பொய்க்கும் ஃபிசிக்ஸ் இருக்கா சார்?

அற்புதசாமி: எல்லாத்துக்கும் இருக்கு.

பரக்கத் அலி: நான் இன்னும் கொஞ்ச நேரத்துல லுஹர் தொழுகைக்குப் போகணும். காலைலேந்து சொன்ன பொய்யெல்லாம் வாயில வெச்சுக்கிட்டு எப்படிப் போய் நிக்கிறது? மகன் ஆசையாக் கட்டின வீடு. அங்க போக ஏன் சார் உங்களுக்கு மனசில்ல? அதையாவது சொல்லுங்க.

அற்புதசாமி: மனசில்லைன்னு யார் சொன்னா? கொஞ்சம் தள்ளிப் போடலாம்னேன்.

பரக்கத் அலி: எதுவரைக்கும்?

அற்புதசாமி: …அங்க ஒரு வாட்ச்மேன் இருக்கான் பாய். நான் போறப்பல்லாம் கேட்டை மறிச்சு, "யாரைப் பாக்கணும்?"னு கேக்கறான். என்னை. என் மகன் வீட்டு வாசல்ல வெச்சு. பாலக்கரைல நான் எறங்கி நடந்தா இட்லிக் கடையிலேந்து சைக்கிள் கடை வரைக்கும் "வாங்க சார்"தான். ஞாயிறு பூசையில முதல் வாசகம் யாரு? நான். நான் வாசிச்சாத்தான் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும்.

பரக்கத் அலி: மைக் இருக்குமே சார்.

அற்புதசாமி: மைக் இல்லாமலே கேக்கும். அங்க போனா நான் யாரு? பதினேழாம் நம்பர் வில்லா. பால்காரன் கூட அப்படித்தான் கூப்பிடுவான்.

பரக்கத் அலி: டீச்சர்கிட்ட இதைச் சொல்லிடலாமே.

அற்புதசாமி: அவ பாவம் பாய். கல்யாணம் ஆன நாள்லேந்து அந்த இருட்டு அடுப்படி. ஒரு ஆள் நின்னா இன்னொரு ஆள் திரும்ப முடியாது. பெரிய அடுப்படி, கல்லு மேடைன்னு எத்தனை வருஷமா ஏங்கிருப்பா. அவகிட்டப் போய், வாட்ச்மேன் என்னை மதிக்கலைன்னு சொல்றதா… வரா, வரா. அதாவது பாய், ஸ்லாப்போட தடிமன் ரொம்ப முக்கியம். பாரம் தாங்குறதுன்னு ஒண்ணு இருக்கு…

டோரதி: ஷெட்டு வரைக்கும் கேக்குது. உங்க போனை வண்டியிலயே விட்டுட்டு வந்துட்டீங்க. அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டு இருக்கு.

அற்புதசாமி: மேஸ்திரி தைரியராஜாத்தான் இருக்கும். கல்லு எப்ப வரும் கல்லு எப்ப வரும்னு உயிரை எடுக்கறான். இரு, பேசிட்டு வரேன்.

டோரதி: மெதுவாவே பேசிட்டு வாங்க… போயிட்டாரா? பாய், நான் உங்களை என்ன சொல்லச் சொன்னேன்?

பரக்கத் அலி: விரிசல்னு சொல்லச் சொன்னீங்க.

டோரதி: விரிசல்னு மட்டும்.

பரக்கத் அலி: மட்டும்தான்.

டோரதி: தீர்ந்துடுச்சுன்னு எதுக்குச் சொன்னீங்க? இவருக்கு ஒரு சந்தேகம் வந்துச்சுன்னா என்னைத் தூங்க விடமாட்டாரு. ராத்திரி பூரா அந்த விரிசலுக்கு ஃபார்முலா போடுவாரு.

பரக்கத் அலி: தப்புதான் டீச்சர். ஆமா… அந்த வீட்டுல உங்களுக்கு என்ன கொறை?

டோரதி: ஒரு கொறையும் இல்ல. காத்து வருது, தண்ணி வருது. கதவைச் சாத்தினா வெளிச் சத்தமே இல்ல. நானும் அவரும்தான்.

பரக்கத் அலி: நிம்மதிதானே?

டோரதி: அவரு பேசறதைக் கேட்டீங்கல்ல?

பரக்கத் அலி: கேட்டேன்.

டோரதி: நீங்க வாரத்துக்கு ஒரு மணி நேரம் கேக்கறீங்க. பாலக்கரைல அதைப் பங்கு போட்டுக்க ஆளு இருக்கு பாய். காலைல டீக்கடையில ஒரு கூட்டம். அப்பறம் மாடி வீட்டு இன்னாசிராஜ். பாவம், அவருக்குக் காது வேற நல்லாக் கேக்கும். சாயங்காலமானா கோயில் வளாகத்துல யாராவது மாட்டுவாங்க. வீட்டுக்கு வர்றப்ப தொண்டை கட்டிக்கிட்டு வருவாரு. மிளகுப் பால் ஒரு டம்ளர் போட்டுக் குடுத்தா என் வேலை முடிஞ்சுது. அந்த வில்லாவுக்குப் போனா மொத்தமும் எனக்கு. காலைலேந்து ராத்திரி வரைக்கும். பெருசா மேடை வேற போட்டுட்டா அதுலயே சாஞ்சு நின்னுக்கிட்டுப் பேசுவாரு. இப்ப இருக்கிற அடுப்படியில அவரு நிக்க எடம் கெடையாது. பாலக்கரை வீட்டுல எனக்கு இருக்கிற ஒரே…

பரக்கத் அலி: வசதி.

டோரதி: சொர்க்கம்.

பரக்கத் அலி: இதை அவர்கிட்டயே…

டோரதி: எப்படிச் சொல்றது? வில்லா வில்லான்னு சத்திரம் பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மா வரைக்கும் சொல்லிட்டாரு. சின்னப் புள்ளை மாதிரி சந்தோஷமாத் திரியறாரு. அதைப் போய் கெடுக்கவா? வராரு பாருங்க. ஏதாவது கல்லைப் பத்திப் பேசுங்க.

பரக்கத் அலி: இந்த ஓரம் இருக்கே டீச்சர்… உருட்டியும் குடுக்கலாம், சாய்வாவும் வெட்டலாம். உருட்டினா இடிச்சா வலிக்காது.

அற்புதசாமி: தைரியராஜ்தான். நாளைக்குக் காலைல கல்லு வந்து எறங்கலைன்னா வேற வேலைக்குப் போயிடுவானாம். நல்லதாப் போச்சுன்னு… அதாவது, போயிடாதப்பான்னு சொல்லிட்டு வந்தேன்.

டோரதி: நாளைக்கேவா? அவ்வளவு அவசரமா எப்படிங்க முடியும்? பாய்தான் எதுவுமே நல்லா இல்லைங்கறாரே.

அற்புதசாமி: அதானே. அவசரப்பட்டு எடுக்கக்கூடாது. வாழ்நாள் பூரா பாக்கற கல்லு.

டோரதி: ஆமாங்க. இன்னும் ரெண்டு மூணு கடை பாப்போம்.

அற்புதசாமி: நாலஞ்சு கூடப் பாக்கலாம்.

பரக்கத் அலி: உக்காருங்க. ரெண்டு பேரும் உக்காருங்க. என்னால முடியலை.

அற்புதசாமி: என்ன முடியலை?

பரக்கத் அலி: கல்லு தீரவும் இல்லை, விரிசலும் விடலை. உங்களோட அந்தச் சாம்பல் கல்லு பின்னாடி ஷெட்டுல முழுசா நிக்குது. டீச்சரே பாத்திருப்பாங்க.

டோரதி: பாத்தேன். தார்ப்பாயைப் போட்டு மூடிட்டு வந்தேன்.

அற்புதசாமி: மூடினியா? ஏன்?

டோரதி: வெயில் படுமேன்னு.

அற்புதசாமி: கல்லுக்கா?

பரக்கத் அலி: சார், கேளுங்க. தீர்ந்துடுச்சுன்னு சொல்லச் சொல்லி நீங்க போன் பண்ணீங்க. நான் போனைக் கீழ வெக்கல, டீச்சர் பண்ணாங்க. விரிசல்னு சொல்லச் சொன்னாங்க. உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு இவங்க, இவங்களுக்குத் தெரிய வேண்டாம்னு நீங்க. நான் என்ன பண்ணுவேன்? ரெண்டையும் சொன்னேன்.

டோரதி: …நீங்களா?

அற்புதசாமி: நீயா?

டோரதி: உங்களுக்கு அந்த வீடு வேண்டாமா?

அற்புதசாமி: வாட்ச்மேன் சரியில்ல.

டோரதி: வாட்ச்மேனை மாத்தச் சொல்லலாமே.

அற்புதசாமி: இல்ல டோரதி… அங்க என்னை யாருக்கும் தெரியல.

டோரதி: ம்.

அற்புதசாமி: உனக்கு ஏன் வேண்டாம்?

டோரதி: எனக்கு… பேச்சுத் துணைக்கு ஆளில்லாத மாதிரி இருக்கும்.

அற்புதசாமி: நான் இருக்கேனே.

டோரதி: ஆமா. நீங்க இருக்கீங்க.

பரக்கத் அலி: டீ சொல்றேன்.

அற்புதசாமி: டீ அப்பறம். இப்ப ஜோஸ்வினுக்கு என்ன சொல்றது? அவன் மனசு ஒடஞ்சு போயிடுவான். "உங்களுக்காகத்தாம்பா, உங்களுக்காகத்தாம்பா"ன்னு சொல்லிச் சொல்லிக் கட்டினான்.

டோரதி: குழாய் எந்தப் பக்கம் வந்தா அம்மாவுக்குக் கை வலிக்காதுன்னு வீடியோவுல கேட்டுக் கேட்டு வெச்சான் பாய். அவன்கிட்ட எப்படி வேண்டாங்கறது?

அற்புதசாமி: நாம சொல்லக்கூடாது. மூணாவது மனுஷன் சொல்லணும். பாய், நீங்க அவனுக்கு ஒரு போன் போடுங்க. ஜில்லாவுலயே தரமான கல்லு கெடைக்கலை, ஈஸ்டர் வரைக்கும் வராதுன்னு சொல்லுங்க. "கனிம வளப் பற்றாக்குறை காரணமாக"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா நம்புவான்.

டோரதி: கல்லு இல்லைன்னா போதும்ங்க. பாயைக் கட்டுரை வாசிக்க வெக்காதீங்க.

பரக்கத் அலி: இன்னொரு பொய்யா சார்?

டோரதி: இதுதான் கடைசி பாய். புள்ளை மனசு நோகக்கூடாதுன்னுதானே கேக்கறோம்.

பரக்கத் அலி: அதுக்கு அவசியமே இல்ல டீச்சர். தம்பி காலைலயே எனக்குப் போன் பண்ணிட்டாரு. அந்த வீட்டை ஏதோ கம்பெனிக்கு வாடகைக்குப் பேசி முடிச்சுட்டாராம், மேடையை அவங்களே போட்டுக்கறாங்களாம். "அப்பாவும் அம்மாவும் வருவாங்க பாய், கடையில இருக்கிற எல்லாக் கல்லையும் குறை சொல்லித் திருப்பி அனுப்பிடுங்க. அந்த வீட்டுக்குப் போறதுக்காகவே உயிரை வெச்சுக்கிட்டு இருக்காங்க, நேரா சொன்னா தாங்க மாட்டாங்க"ன்னாரு.